நின்ற கோலமா, கிடந்த கோலமா?

டிசம்பர் 31, இரவு பதினொன்றே முக்கால். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓர் ஓட்டலின் புல்வெளி. மேடையில் டிஜே, அவருக்குப் பின்னால் சுவர் மாதிரி எல்இடி திரை, எதிரே ஆயிரம் பேருக்குக் குறையாத கூட்டம். இன்னும் கால் மணி நேரத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணத் தொடங்குவார்கள். அந்தப் பத்து விநாடிக்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். லென்ஸ் மாட்டியாயிற்று. பிளாஷுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. இன்னும் முடிவாகாதது ஒன்றுதான்: கேமராவைப் படுக்க வைத்துப் பிடிப்பதா, நிமிர்த்திப் பிடிப்பதா?

"இதெல்லாம் ஒரு பிரச்சினையாண்ணே? ரெண்டு விதமாவும் எடுத்துட்டாப் போச்சு" என்பான் என்னோடு வேலை பழகும் பையன். கல்யாண வீட்டில் அது சரி. "மாப்பிள்ளை, மாலையை இன்னொரு தடவை போடுங்க" என்று கேட்டால் போடுவார். இரவுக் கொண்டாட்டத்தில் துள்ளியவரை மறுபடி துள்ளச் சொன்னால் துள்ளத்தான் செய்வார், ஆனால் அது கேமராவுக்காகத் துள்ளிய துள்ளல் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். ஒரு தடவைதான் வாய்ப்பு. அதற்குள் கை திரும்பியிருக்க வேண்டும்.

நான் தொழில் கற்றது மதுரையில், கூடலழகர் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு சின்ன ஸ்டுடியோவில். தொண்ணூறுகள். மாஸ்டரிடம் இருந்தது யாசிகா மேட் 124ஜி, மேலேயிருந்து குனிந்து பார்க்கும் கேமரா. ஒரு ரோலுக்கு 12 படம். ஒவ்வொன்றும் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரம். சதுரத்தைப் படுக்கப் போட்டாலும் சதுரம்தான், நிமிர்த்தினாலும் சதுரம்தான். எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்ற முடிவெல்லாம் டார்க் ரூமில். அதனால் எனக்கு இந்தக் கேள்வியே தெரியாமல் இருந்தது.

பிறகு ஸ்டுடியோவுக்கு நிக்கான் எஃப்எம்10 வந்தது. ரோலுக்கு 36 படம். ஒரு ரிசப்ஷனுக்கு அதை என் கையில் கொடுத்து அனுப்பினார். கேமரா கையில் எப்படி உட்கார்ந்ததோ அப்படியே எல்லாவற்றையும் எடுத்து வந்தேன். பிரின்ட்டைப் பார்த்துவிட்டு மாஸ்டர் கேட்டார்: "டேய், பொண்ணும் மாப்பிள்ளையும் நிக்கிறாங்க. நீ எதுக்கு ரெண்டு பக்கமும் சேரைப் படம் புடிச்சிருக்க?"

மறுநாள் காலை கோயிலுக்குக் கூட்டிப்போனார். கூடலழகர் கோயில் விமானத்தில் மூன்று தளம். கீழே பெருமாள் இருந்த கோலம், அதற்கு மேலே நின்ற கோலம், அதற்கும் மேலே கிடந்த கோலம். சேவித்துவிட்டு இறங்கி வரும்போது சொன்னார்:

"சாமி எப்படி இருக்காரோ அதுக்குத் தக்கனதான்டா எடம் விடணும். நிக்கிறவருக்கு உசரம். படுத்திருக்கிறவருக்கு நீளம்."

"உக்காந்திருக்கிறவருக்குண்ணே?"

"அதுக்குத்தான் நம்ம யாசிகா சதுரமா இருக்கு."

அன்றிலிருந்து எங்கள் ஸ்டுடியோவில் படங்களுக்கு 'நின்னது', 'கெடந்தது' என்றே பெயராகிவிட்டது. இப்போது வாடிக்கையாளர்களிடம் போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப் என்கிறேன். உள்ளுக்குள் ஓடுவது மாஸ்டரின் கேள்விதான்.

கேமரா ஏன் படுத்தே பிறந்தது?

கேமரா கையில் படுத்தவாக்கில் உட்காருவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் லைகா கேமராவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக், அன்றைய சினிமா பிலிமையே தன் கேமராவுக்கு எடுத்துக்கொண்டார். சினிமா கேமராவில் பிலிம் மேலிருந்து கீழே ஓடும். ஒரு கட்டம் 18 மி.மீ.க்கு 24 மி.மீ. பார்னாக் அதைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரண்டு கட்டத்தை ஒன்றாகச் சேர்த்தார். 24-க்கு 36 ஆயிற்று. 1925-ல் லைகா கடைக்கு வந்தது. நூறு வருடம் கழித்து, பிலிமே இல்லாத இன்றைய கேமராவின் சென்சாரும் அதே 24-க்கு 36 அளவைத்தான் 'ஃபுல் பிரேம்' என்று சொல்லிக்கொள்கிறது.

ஆக, கேமரா படுத்திருப்பது அதன் சௌகரியம். நம் எதிரே இருப்பவர் அப்படித்தான் இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இது எனக்குப் புரிந்தது சென்னைக்கு வந்து எடுத்த முதல் டிஜே இரவில்.

நம் ஊரில் இந்த மாதிரி இரவுகள் பெரும்பாலும் ஓட்டல்களுக்குள்தான். அன்று ஓட்டலின் தரைக்கீழ் தளத்தில், கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு ஹால். விடிய விடிய எடுத்தேன். முக்கால்வாசி படுக்கைப் படம். விழாவை நடத்தியவர் லேப்டாப்பில் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அண்ணே, ஆட்டம் எங்க? பாதிப் படத்துல இருட்டுதான் ஆடுது."

உண்மைதான். ஆடுகிறவர் நிற்கிறார், துள்ளுகிறார், கையைத் தூக்குகிறார். வெளிச்சம் கூரையிலிருந்து தூண் தூணாக இறங்குகிறது. எல்லாமே மேலும் கீழும். நான் படுக்க வைத்துப் பிடித்ததால் தூக்கிய கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டது. இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாத கறுப்பு. மாஸ்டர் இருந்திருந்தால், சேருக்குப் பதில் இருட்டைப் படம் பிடித்திருக்கிறாய் என்றிருப்பார்.

ரோஷம் வந்து அடுத்த மாதம் அத்தனையையும் நிமிர்த்தி எடுத்தேன். ஒவ்வொரு படமும் நன்றாக இருந்தது. மொத்தமாகப் பார்த்த அதே மனிதர் தலையைச் சொறிந்தார். "எழுநூறு பேரு வந்தாங்கண்ணே. படத்துல பாத்தா எழுபது பேருகூடத் தேறாது போலிருக்கே."

இரண்டு திட்டிலும் சேர்த்துக் கிடைத்ததுதான் பாடம். நிமிர்ந்த படம் ஒரு உடம்பைச் சொல்லும். படுத்த படம் ஒரு கூட்டத்தைச் சொல்லும். நடப்பது ஒருவருக்குள் என்றால் நிமிர்த்து. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவே என்றால் படுக்க வை.

எது எப்படி நிற்கிறது?

டிஜே விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரேயிருந்து படுக்கையாக எடுத்தால், மேஜையும் அதில் தொங்கும் ஸ்பான்சர் பேனரும்தான் படம். மனிதர் மார்புக்கு மேலே ஒரு பொம்மை. ஒரு கையை உயர்த்தும்போது கீழேயிருந்து நிமிர்த்திப் பிடித்தால் கை, முகம், கூரை விளக்கு மூன்றும் ஒரே கோட்டில் வரும். அவருக்குப் பின்னால் ஏறி நின்று, அவர் முதுகையும் எதிரே இருக்கும் கூட்டத்தையும் எடுப்பதானால் கட்டாயம் படுக்கை. அங்கே விஷயம் அவருக்கும் அவர்களுக்கும் நடுவே இருக்கிறது.

இரண்டு பேர் தோளில் கைபோட்டு நின்றால் நிமிர்த்துவேன். நாலு பேரோ அதற்கு மேலோ என்றால் படுக்கை. மூன்று பேர் என்றால் அவர்கள் நெருக்கத்தைப் பொறுத்தது: கன்னத்தோடு கன்னம் வைத்தால் நிமிரலாம், இடைவெளி விட்டால் படுக்கத்தான் வேண்டும். எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரே விதிதான். மூட்டில் வெட்டாதே. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு இந்த இடங்களில் ஓரம் விழுந்தால் உறுப்பே இல்லாத மாதிரி தெரியும். தொடை நடுவில் வெட்டு, இடுப்புக்கு மேல் வெட்டு. கண் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். தலைக்கு மேலே ஒரு முழம் காலியாக விடுங்கள், நல்ல பாட்டு வந்தால் கை அங்கேதான் போகும்.

கூட்ட நெரிசலில் 16 மி.மீ. மாதிரி அகல லென்ஸ்தான் கைகொடுக்கும். அதற்கும் ஒரு குணம் உண்டு: ஓரத்தில் இருப்பதை இழுத்துவிடும். படுக்கைப் படத்தின் கோடியில் நிற்பவர் இரண்டு சுற்று பருத்துப்போவார். மறுநாள் உங்களைத்தான் திட்டுவார். நிமிர்த்தி, மேலேயிருந்து குனிந்து எடுத்தால் தலை பெரிதாகிக் கால் சூம்பிப்போகும். இடுப்பு உயரத்தில் நேராகப் பிடித்து, ஆட்களை நடுவில் வைத்தால் தப்பிக்கலாம்.

நிமிர்த்தும்போது பிளாஷும் சேர்ந்து திரும்புகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தலைக்கு மேலே இருந்த வெளிச்சம் பக்கவாட்டுக்குப் போய், பின்சுவரில் ஆளுக்கு ஒரு கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். கூரை வெள்ளையாகவும் தாழ்வாகவும் இருந்தால் பிளாஷின் தலையை மேல்நோக்கித் திருப்பி, கூரையில் பட்டு இறங்கவிடலாம். கறுப்புக் கூரை என்றால் வெளிச்சத்தை விழுங்கிவிடும், ஒன்றும் திரும்பி வராது. அப்போது ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் பிளாஷ் வருமாறு கேமராவைத் திருப்பிக்கொள்வேன். நிழல் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஷட்டரை 1/15 விநாடி வரை மெதுவாக்குவதும் உண்டு. பிளாஷ் முகத்தைக் கூர்மையாகப் பிடித்து நிறுத்தும். மீதி நேரத்தில் கலர் விளக்குகள் சுற்றிலும் இழுபடும்.

விளக்குகளால் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் படத்தில் பட்டை விழும். கேமரா படுத்திருந்தால் பட்டையும் படுத்திருக்கும், நிமிர்த்தினால் அதுவும் எழுந்து நிற்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் இந்த மினுக்கு அடங்கும். எல்இடி திரைகள் இதைவிட வேகமாக மினுக்கும். அவற்றுக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். நேராக லென்ஸுக்குள் அடிக்கும் லேசருக்கு மட்டும் எந்தக் கோலமும் உதவாது. சென்சாரையே அது பொசுக்கிவிடும், கேமராவை இறக்கிவிடுங்கள்.

கேமராவைக் கோணலாகச் சாய்த்து எடுக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாய்த்தால் வேகம் வரும் என்று நினைக்கிறோம். படம் எடுத்தவர்தான் அதிகம் குடித்திருக்கிறார் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். ஓர் இரவுக்கு ஒன்று போதும்.

சில சமயம் விஷயம் எதிலும் அடங்காத நீளமாக இருக்கும். நாற்பது பேர் வரிசையாகச் சாய்ந்து நிற்கும் பார் கவுன்டர் மாதிரி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமியைச் சேவித்தவர்களுக்கு வழி தெரியும். பதினெட்டு அடி நீளப் பெருமாளை அங்கே யாரும் ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. ஒரு வாசலில் திருமுகம், நடு வாசலில் நாபிக்கமலம், இன்னொரு வாசலில் திருவடி. நானும் கவுன்டரை மூன்று வாசலாகத்தான் எடுக்கிறேன். நிமிர்ந்த மூன்று படம். ஆல்பத்தில் அடுத்தடுத்து வைத்தால் பார்ப்பவர் மனம் அவற்றைச் சேர்த்துக்கொள்ளும்.

பமாகோவின் பாதங்கள்

இரவுக் கொண்டாட்டப் படம் என்றதும் எனக்கு நினைவு வருபவர் மாலிக் சிதிபே. மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாடு 1960-ல் விடுதலை அடைந்தது. தலைநகர் பமாகோவில் இளைஞர்கள் சங்கம் அமைத்து, ரிக்கார்டு போட்டு, சனிக்கிழமை இரவுகளில் ஆடித் தீர்த்தார்கள். சிதிபே ஒரே இரவில் ஒரு பார்ட்டியிலிருந்து அடுத்ததற்கு என்று பலவற்றுக்குப் போவார். அப்புறம் ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் பிலிம் கழுவி, சின்னச் சின்னப் பிரின்ட் போட்டு, எண் எழுதி அட்டையில் ஒட்டி வெளியே வைப்பார். ஆடியவர்கள் வந்து தங்களைத் தேடி, வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் நம்மைப் போலக் காசுக்கு வேலை பார்த்த ஸ்டுடியோக்காரர்தான். 2007-ல் வெனிஸ் பியன்னாலேயில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதைப் பெற்றார். அந்த விருது ஒரு புகைப்படக்காரருக்குக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

அவர் எடுத்ததில் உலகம் அதிகம் அறிந்தது 1963-ன் ஒரு கிறிஸ்துமஸ் இரவுப் படம். ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் ஆடுகிறார்கள். இருவரும் உடன்பிறந்தவர்கள். அவன் சூட்டில் இருக்கிறான், அவள் காலில் செருப்பில்லை. இரண்டு தலைகளும் முட்டிக்கொள்கிற மாதிரி குனிந்து கீழே பார்க்கின்றன. கால் எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள். பார்ப்பவர் கண்ணும் அவர்களோடு சேர்ந்து இறங்கிப் பாதத்துக்குப் போகிறது. அங்கே பாதம் இருக்கிறது, ஓரம் வெட்டவில்லை.

இடுப்போடு வெட்டியிருந்தால் குனிந்த இரண்டு தலைகள் மட்டும் மிஞ்சியிருக்கும், ஏதோ துக்கம் விசாரிப்பதைப் போல. ஆட்டம் பாதத்தில் இருந்தது, அதற்கு அவர் இடம் விட்டார். இதை அச்சில் பார்த்த பிறகு நான் என் பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான ஜோடிகள். பாதம் தெரிந்தவை பத்துக்குள்.

கைப்பேசி வந்த பிறகு

இப்போது படம் போய்ச் சேரும் இடம் மாறிவிட்டது. கல்யாணக்காரருக்கு 12-க்கு 36 அங்குலம் விரியும் கரிஸ்மா ஆல்பம். அது படுக்கைப் படத்தைக் கேட்கும். ஓட்டல்காரருக்கு இன்ஸ்டாகிராம். 2015 வரை அதில் சதுரம் மட்டும்தான், மாஸ்டருக்குப் பிடித்திருக்கும். இப்போது ஸ்டோரிக்கும் ரீல்ஸுக்கும் 9-க்கு 16, ஒல்லியாக நெட்டையாக. கூடவே வாசலில் வைக்கும் ஸ்டாண்டிக்கு நிமிர்ந்தது, வெப்சைட் முகப்புக்குப் படுத்தது என்று பட்டியல் நீளும்.

"படுக்கையா எடுத்து வெட்டிக்கலாமே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் படுக்கைப் படம் 6000-க்கு 4000 புள்ளி. அதிலிருந்து 9-க்கு 16 நிமிர்ந்த துண்டை வெட்டினால் 2250-க்கு 4000. மிஞ்சுவது 9 மெகாபிக்சல். அறுபது சதவீதத்துக்கு மேல் குப்பைக்குப் போகிறது. இரவில் ஐஎஸ்ஓ 3200-ல் எடுத்த படத்தை இப்படி வெட்டிப் பெரிதாக்கினால் ரவை கொட்டின மாதிரி பொரிப் பொரியாகத் தெரியும். அதனால் நிகழ்ச்சிக்கு முன்பே பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். எடுக்கும்போது கொஞ்சம் லூசாக எடுக்கிறேன். எதை வெட்டினாலும் மூட்டில் விழாதபடி.

பட்டியலில் வராத ஒரு வாடிக்கையாளர் உண்டு: படத்தில் இருப்பவர்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை. நாலு தோழிகள், ஒருத்திக்குப் பிறந்தநாள். "அண்ணா, ஒரு போட்டோ" என்று கூப்பிட்டார்கள். நாலு பேர், ஆகவே படுக்கை. கேமராவைத் தூக்கினேன். ஓரத்தில் நின்ற பெண் சட்டென்று என் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணா, கையில கிளாஸ் இருக்கு. வெறும் ஜூஸ்தான். ஆனா இது ஓட்டல் பேஜ்ல வரும்ல? ஊர்ல எங்க சித்தப்பா பாத்தாங்கன்னா..."

கிளாஸைக் கீழே வைக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அந்தச் சிரிப்பு நாலு முகத்திலிருந்தும் போய்விடும். "கிட்ட வாங்கம்மா, இன்னும் கிட்ட, ரெண்டு பேர் முன்னாடி, ரெண்டு பேர் பின்னாடி" என்றேன். நாலு தலையும் ஒரு கொத்தாகச் சேர்ந்தன. கேமராவை நிமிர்த்தி, மார்போடு நிறுத்தினேன். கிளாஸ் ஓரத்துக்கு வெளியே அவள் கையிலேயே இருந்தது. திரையில் காட்டியபோது நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். "சூப்பர்ண்ணா" என்றவள் அந்தப் பெண்தான்.

பிரேம் என்பது நாம் காட்டுவது என்று எத்தனையோ வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் வீட்டில் நிம்மதியாக இருப்பது, நாம் காட்டாமல் விட்ட நாலு விரற்கடையில் இருக்கிறது. மூலையில் சாய்ந்திருக்கும் ஜோடியை நோக்கி நான் கேமராவைத் திருப்புவதே இல்லை. கூட்டத்தைப் படுக்கையாக எடுக்கும்போதும், ஓரத்தில் யார் முகம் சிக்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அமுக்குகிறேன்.

சரி, புல்வெளிக்கு வருவோம். பத்து, ஒன்பது, எட்டு... மேடைக்குப் பின்னால் ஏறி, கேமராவைப் படுக்க வைத்துப் பிடித்தேன். ஆயிரம் வாய் ஒன்றாக எண்ணும்போது அது கூட்டத்தின் நேரம். மூன்று வந்ததும் கீழே குதித்தேன். பூஜ்யத்தில் கூட்டம் இருக்காது என்று அனுபவம் சொல்லும். அந்த நொடியில் ஆயிரம் பேரும் இரண்டிரண்டு பேராக உடைந்து கட்டிக்கொள்வார்கள். மணிக்கட்டு தானாகத் திரும்பிவிட்டது. வானத்தில் வாணம், கீழே ஓர் அப்பாவின் தோளில் மகளின் முகம். நெட்டையாக, பாதம் வரைக்கும்.

இரண்டு மணிக்கு மூட்டை கட்டினேன். பின்வாசல் படியில் சமையல்கட்டு ஆட்கள் மூன்று பேர், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எல்லாரையும் எடுத்தீங்க, எங்களையும் ஒண்ணு எடுங்கண்ணே" என்றார் ஒருவர். வீட்டுக்கு அனுப்பணுமாம், அவர் கைப்பேசியிலேயே எடுத்தால் போதுமாம். வாங்கிப் பார்த்தேன். திரையில் நெட்டையாக ஒரு கட்டம். திருப்பினால் நீளமாக ஒரு கட்டம். மூன்று பேரும் சம்மணம் கட்டி, இலையை நடுவில் வைத்து, அசையாமல் சிரித்தார்கள்.

கேமராவின் அமைப்புக்குள் போய், சதுரத்தைத் தேடிப் பிடித்து வைத்து எடுத்துக் கொடுத்தேன்.